ஆர்னிஸ்டன் என்னும் வணிகக் கப்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெப்போலியன் காலத்துக் கடல் வரலாறு என்றதும் நெல்சனும் டிரஃபால்கர் போருமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அந்தப் போர்களுக்குப் பணம் ஈட்டித் தந்த வணிகக் கப்பல்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அவற்றுள் ஒன்றான ஆர்னிஸ்டன் 1794இல் நீரில் இறக்கப்பட்டு, கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எட்டு முறை ஆசியாவுக்குச் சென்று திரும்பியது. பின்னர் இலங்கையிலிருந்து படைவீரர்களை ஏற்றிச் சென்ற வழியில், 1815 மே 30 அன்று, தென்னாப்பிரிக்கக் கரையில் 372 உயிர்களோடு அழிந்தது. போரின் தொடக்கம் முதல் முடிவு வரை நீண்ட அதன் வாழ்க்கையைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

ஆர்னிஸ்டன் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தமான கப்பலா?

இல்லை. கம்பெனியின் கொடியோடு ஓடிய பெரும்பாலான கப்பல்களைப் போலவே இதுவும் தனியார் பங்குதாரர்களின் உடைமை. லண்டன் வணிகர்கள் சிலர் சேர்ந்து முதலீடு செய்து, தேம்ஸ் ஆற்றங்கரையில் கப்பலைக் கட்டுவித்து, கம்பெனிக்கு வாடகைக்கு விடுவார்கள். பங்குதாரர்களின் சார்பில் ஒருவர் கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொள்வார். கப்பல் எத்தனை பயணம் செய்ய வேண்டும், டன்னுக்கு என்ன வாடகை, எத்தனை பீரங்கிகள், எத்தனை ஆட்கள் என்பதையெல்லாம் ஒப்பந்தம் வரையறுத்தது. ஆர்னிஸ்டனைக் கட்டியவர்கள் தேம்ஸ் கரையில் பெயர் பெற்றிருந்த பார்னார்ட் குடும்பத்தார். ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு அருகே டன்டாஸ் குடும்பத்தாரின் மாளிகைக்கும் ஆர்னிஸ்டன் என்றே பெயர். அக்காலத்தில் இந்திய விவகாரங்களைக் கண்காணித்த வாரியத்தின் தலைவர் ஹென்றி டன்டாஸ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

கப்பலின் உடைமையாளர் ஒருவர், அதை அமர்த்திக்கொள்பவர் மற்றொருவர் என்ற இந்த ஏற்பாட்டை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கப்பலின் முடிவு இதனோடு நேரடியாகத் தொடர்புடையது என்பது என் கருத்து.

அது எவ்வளவு பெரிய கப்பல்?

கம்பெனியின் கணக்கில் 1200 டன் வகையைச் சேர்ந்தது. அக்கால வணிகக் கப்பல்களில் இதுவே மிகப் பெரிய வகை. வங்காளத்துக்கும் சென்னைக்கும் வந்து போன சாதாரணக் கம்பெனிக் கப்பல்கள் 800 டன் அளவில் இருந்தன. 1200 டன் கப்பல்களைச் சீனத் தேயிலை வணிகத்துக்கென்றே கம்பெனி விரும்பி அமர்த்தியது. மூன்று தளங்கள், மூன்று பாய்மரங்கள், ஏறத்தாழ 130 பேர் கொண்ட குழு, இருபுறமும் பீரங்கி வரிசை என்று தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அரசின் போர்க்கப்பல் போலவே தோன்றும். அந்தத் தோற்றமே பல வேளைகளில் இவ்வகைக் கப்பல்களைக் காப்பாற்றியது.

ஒரு பயணம் எவ்வளவு காலம் பிடித்தது?

போய்த் திரும்ப ஓராண்டுக்கும் மேல். பதினான்கு, பதினாறு மாதங்கள் ஆவது இயல்பு. வழியில் துறைமுகங்களில் தங்க நேர்ந்தால் இன்னும் நீளும். இந்தக் கால அளவைத் தீர்மானித்தது பருவக்காற்று. இங்கிலாந்திலிருந்து ஆண்டின் தொடக்க மாதங்களில் புறப்பட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் சீனக் கடலுக்குள் நுழைந்துவிட வேண்டும். கான்டன் நகருக்குக் கீழே ஆற்றில் உள்ள வாம்போவா துறையில் நங்கூரமிட்டுச் சரக்கு ஏற்றியபின், குளிர்காலத்தில் வடகிழக்குப் பருவக்காற்றோடு திரும்ப வேண்டும். காலம் தவறினால் அடுத்த பருவம் வரை காத்திருக்க நேரும். திரும்பும் வழியில், தென் அட்லாண்டிக்கில் தனித்துக் கிடக்கும் செயின்ட் ஹெலினா தீவே கப்பல்கள் ஒன்றுகூடும் இடம்; குடிநீர் எடுத்துக்கொண்டு, காவல் கப்பல் வரும்வரை அங்கே காத்திருப்பார்கள்.

என்ன சரக்குகளை ஏற்றிச் சென்றது?

சீனப் பயணம் செய்த கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து கம்பளித் துணி, ஈயம், வெள்ளி ஆகியவற்றைக் கொண்டு சென்றன. சில பயணங்களில் பம்பாயிலோ சென்னையிலோ நின்று பருத்தி ஏற்றிக்கொண்டு கான்டனுக்குப் போவதும் உண்டு. அக்காலச் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளியே நங்கூரமிடும். சரக்கும் மனிதர்களும் மசூலாப் படகுகளில் அலைகளைத் தாண்டிச் செல்வார்கள். பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்ட அந்தப் படகுகளையும், அவற்றைச் செலுத்திய உள்ளூர்ப் படகோட்டிகளின் திறமையையும் வியந்து எழுதாத ஐரோப்பியப் பயணிகள் குறைவு.

திரும்பும்போது முதன்மைச் சரக்கு தேயிலை. இங்கிலாந்தில் ஏழை வீடுகள் வரை தேநீர்ப் பழக்கம் பரவியிருந்ததால், தேயிலையின் மீதான வரி அரசுக்குப் பெரும் வருவாயாக இருந்தது. ஒரு கப்பல் தேயிலை எதிரியிடம் சிக்கினால் கம்பெனிக்கு மட்டுமன்றி நாட்டின் கருவூலத்துக்கும் இழப்பு. கப்பலின் கேப்டனுக்கும் தன் சொந்தக் கணக்கில் குறிப்பிட்ட டன் அளவுக்குச் சரக்கு ஏற்றிச் சென்று விற்கும் உரிமை இருந்தது. மாதச் சம்பளம் அற்பமானதாக இருந்தாலும் இந்தத் தனி வாணிகத்தாலும் பயணிகள் தரும் கட்டணத்தாலும் கம்பெனிக் கேப்டன்கள் நாலைந்து பயணங்களில் செல்வந்தர்களாகி ஓய்வு பெற்றார்கள். தங்களுக்கு வேண்டிய நல்ல கருவிகளைத் தங்கள் பணத்திலேயே வாங்கிக்கொள்ளும் வசதி அவர்களுக்கு இருந்தது.

மாலுமிகள் அனைவரும் ஆங்கிலேயர்களா?

புறப்படும்போது பெரும்பாலும் ஆங்கிலேயர்கள், திரும்பும்போது அப்படியல்ல. போர்க்காலத்தில் அரசின் கடற்படைக்கு ஆள் பற்றாக்குறை தீராததாக இருந்தது. வணிகக் கப்பல்களை நடுக்கடலிலேயே நிறுத்தி, தேர்ந்த மாலுமிகளைக் கட்டாயமாகப் பிடித்துச் செல்லும் அதிகாரம் கடற்படை அதிகாரிகளுக்கு இருந்தது. ஆசியத் துறைமுகங்களில் நோயாலும் பலர் இறந்தார்கள். அந்த இடங்களை இந்தியாவிலிருந்து சேர்க்கப்பட்ட லஸ்கர்களும் சீன மாலுமிகளும் நிரப்பினார்கள். குளிர்ந்த தென் கடலில் பாய்மரத்தின் உச்சியில் ஏறி வேலை செய்த அம்மனிதர்களில் பெரும்பாலோருடைய பெயரைக்கூட எவரும் நினைவில் வைக்கவில்லை. கம்பெனி வணிகத்தின் பெருமை பேசப்படும் இடங்களில் இவர்கள் விடுபட்டுப்போவது வருந்தத்தக்கது.

போர்க்காலத்தில் எதிரிகளிடமிருந்து எவ்வாறு தப்பியது?

பிரெஞ்சு அரசின் போர்க்கப்பல்களைவிட, மொரிஷியஸ் தீவைத் தளமாகக் கொண்டு வணிகக் கப்பல்களை வேட்டையாடிய தனியார் கப்பல்களே இந்தியப் பெருங்கடலில் ஓயாத தொல்லையாக இருந்தன. பிரெஞ்சு அரசின் அனுமதிச் சீட்டோடு இயங்கிய அவற்றின் தலைவர்களில் புகழ்பெற்றவர் ராபர்ட் சர்கூஃப். அவர் 1800 அக்டோபரில் கென்ட் என்ற கம்பெனிக் கப்பலை, தம்முடைய மிகச் சிறிய கப்பலைக் கொண்டே கைப்பற்றினார்.

ஆர்னிஸ்டனும் 1799இல் சுமத்ராவின் பென்கூலன் துறையில் இத்தகைய தாக்குதலுக்கு ஆளானது. நங்கூரமிட்டு நின்ற கப்பலை 26 பீரங்கிகள் கொண்ட ஒரு பிரெஞ்சுத் தனியார் கப்பல் தாக்கியபோது, நங்கூர வடத்தை வெட்டிவிட்டு, பக்கவாட்டுப் பீரங்கிகளை ஒருசேர முழக்கி அதை விரட்டியது. நங்கூரமிட்ட கப்பல் திரும்ப இயலாது. திரும்ப இயலாத கப்பலின் பீரங்கிகள் எதிரி நிற்கும் திசையில் பயன்படாமல் போகலாம். எனவே விலையுயர்ந்த நங்கூரத்தைத் துறக்க உடனே முடிவெடுத்ததுதான் அங்கே கப்பலைக் காப்பாற்றியது.

மற்றொரு காப்பு, கூட்டமாகச் செல்வது. இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 1804 பிப்ரவரியில், மலாக்கா நீரிணையின் கிழக்கு வாயிலுக்கு அருகில் உள்ள புலோ ஔரா தீவருகே நடந்தது. ஆர்னிஸ்டன் அந்த அணியில் இல்லை. சீனாவிலிருந்து திரும்பிய 16 கம்பெனிக் கப்பல்களும் அவற்றோடு வந்த வேறு வணிகக் கப்பல்களும், காவல் கப்பல் எதுவுமின்றி, பிரெஞ்சுத் தளபதி லினுவாவின் படையை எதிர்கொண்டன. அணிக்குத் தலைமை தாங்கிய நத்தானியேல் டான்ஸ் சில கப்பல்களில் கடற்படைக் கொடியை ஏற்றச் செய்து, போர் வரிசையில் நிறுத்தி, பீரங்கியும் முழக்கினார். எதிரில் இருப்பவை உண்மையான போர்க்கப்பல்கள் என்று எண்ணி லினுவா பின்வாங்க, வணிகக் கப்பல்கள் அவரைச் சிறிது தூரம் துரத்தவும் செய்தன. டான்ஸுக்கு இங்கிலாந்தில் சர் பட்டம் கிடைத்தது.

அப்படியென்றால் எதிரிகள்தாம் பெரிய ஆபத்தா?

கடலே பெரிய ஆபத்து. 1808 நவம்பரில் வீசிய புயலில் நாடு திரும்பிய அணியிலிருந்து மூன்று கம்பெனிக் கப்பல்கள் காணாமற்போயின. 1809 பிப்ரவரியில் இலங்கையின் காலித் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட அணி மார்ச் மாதத்தில் சூறாவளியில் சிக்கி மேலும் நான்கு கப்பல்களை இழந்தது. இந்த ஏழிலிருந்தும் எவரும் பிழைக்கவில்லை.

ஆர்னிஸ்டன் படைவீரர்களை ஏற்றும் கப்பலாக மாறியது ஏன்?

பல ஆண்டு உழைப்பால் கப்பலுக்கு வயதாகியிருந்தது; எட்டுப் பயணங்கள் என்பது இத்தகைய கப்பலுக்கு நல்ல ஆயுள். சந்தையும் மாறியிருந்தது. 1813ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய வாணிகத்தில் கம்பெனியின் தனியுரிமை நீக்கப்பட்டு, சீன வாணிகம் மட்டும் அதன் கையில் எஞ்சியது. மறுபுறம், நாடு நாடாகச் சிதறிக் கிடந்த படைகளையும் நோயாளிகளையும் ஊர் சேர்ப்பதற்கு அரசுக்குக் கப்பல்கள் தேவைப்பட்டன. வணிகத்துக்கு முன்போலப் பயன்படாத பெரிய கப்பலுக்கு அந்த வேலை ஏற்றதாக இருந்தது.

கேப்டனின் நிலைமையும் இதனோடு மாறிவிடுகிறது. தேயிலைக் கப்பலின் தலைவருக்கு இருந்த தனி வாணிக வருவாய், படை ஏற்றும் கப்பலின் தலைவருக்கு இல்லை. அவர் உடைமையாளர்களின் சம்பளக்காரர். அவர்கள் செலவு செய்ய மறுத்தால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது.

கடைசிப் பயணத்தில் கப்பலில் இருந்தவர்கள் யார்?

மொத்தம் 378 பேர். அவர்களில் பெரும் பகுதியினர் இலங்கையில் பணியாற்றி, கண்டிப் போர்களிலும் வெப்பமண்டல நோய்களிலும் உடல்நலம் இழந்து தாயகம் திரும்பிய படைவீரர்கள். கண்டி அரசு ஆங்கிலேயரின் வசமான ஒப்பந்தம் 1815 மார்ச் 2 அன்று கையெழுத்தானது; அடுத்த மாதமே, ஏப்ரல் 4 அன்று, ஆர்னிஸ்டன் காலியிலிருந்து புறப்பட்டது. வீரர்களோடு பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். மோல்ஸ்வொர்த் பிரபுவும் அவருடைய மனைவியும் பயணம் செய்தார்கள். 73ஆம் படைப்பிரிவின் லெப்டினன்ட் கர்னல் ஆண்ட்ரு கீல்ஸ் தம் நான்கு மகன்களை இந்தக் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார்.

கப்பலின் கேப்டன் ஜார்ஜ் சிம்ப்சன். ஆறு கம்பெனிக் கப்பல்களும், காவலுக்கு ஆஃப்ரிகேன், விக்டர் என்ற இரண்டு போர்க்கப்பல்களும் கொண்ட அணியோடு ஆர்னிஸ்டன் சென்றது. ஆனால் நடுக்கடலில் கப்பலின் நிலையை அறிய உதவும் குரோனோமீட்டர் என்ற கடிகாரம் அதில் இல்லை.

குரோனோமீட்டர் இல்லாதது ஏன் அவ்வளவு பெரிய குறை?

நடுக்கடலில் ஒரு கப்பல் எங்கே இருக்கிறது என்று அறிய இரண்டு எண்கள் வேண்டும். வடக்கு தெற்கு நிலையைக் காட்டும் அட்சரேகையை, நண்பகலில் சூரியன் நிற்கும் உயரத்தை அளந்து கண்டுபிடித்துவிடலாம். கிழக்கு மேற்கு நிலையைக் காட்டும் தீர்க்கரேகை அவ்வாறு எளிதில் பிடிபடாது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. கப்பல் இருக்கும் இடத்து நேரத்துக்கும் கிரீனிச் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தால் தீர்க்கரேகை தெரிந்துவிடும். இடத்து நேரத்தைச் சூரியன் சொல்லும். கிரீனிச் நேரத்தை மாதக்கணக்கில், ஆடும் கப்பலில், வெப்பத்திலும் குளிரிலும் பிழையின்றிச் சுமந்து செல்ல ஒரு கடிகாரம் வேண்டும். அதுதான் குரோனோமீட்டர். ஜான் ஹாரிசன் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அதைச் சாதித்துக் காட்டினார். பின்வந்த ஆர்னால்ட், எர்ன்ஷா போன்ற லண்டன் கடிகாரக் கலைஞர்கள் அதன் அமைப்பை எளிமையாக்கி விலையையும் குறைத்தார்கள். அப்போதும் ஒரு தனி மனிதர் தயங்கும் விலைதான்; எனினும் ஆயிரம் டன்னைத் தாண்டிய ஒரு கப்பலின் மதிப்போடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை.

அந்தக் கருவி இல்லாதவர்கள் வேகத்தையும் திசையையும் கொண்டே கணக்கிட்டார்கள். முடிச்சுகள் இட்ட கயிற்றைக் கடலில் விட்டு வேகத்தை அளந்து, திசைகாட்டி காட்டும் திசையில் இத்தனை மணி நேரம் ஓடினோம், ஆகவே இங்கே இருக்கிறோம் என்று வரைபடத்தில் குறிப்பார்கள். கடல் நீரே நகர்ந்துகொண்டிருக்கும் இடத்திலும், எதிர்க்காற்றில் கப்பல் பக்கவாட்டில் ஒதுக்கப்படும்போதும் இந்தக் கணக்கு பிசகும். ஆப்பிரிக்காவின் தென்கோடியோ வலிமை வாய்ந்த நீரோட்டமும் மேற்கிலிருந்து வரும் குளிர்காலப் புயல்களும் மோதும் இடம்.

அணியோடு இருந்தவரை பிற கப்பல்களைப் பின்பற்றினால் போதும். புயலில் சேதமடைந்த ஆர்னிஸ்டன் மே 26 அன்று அணியைப் பிரிந்தது. அப்போதிலிருந்து அதற்குக் கணக்கு மட்டுமே துணை.

மே 29, 30 நாட்களில் என்ன நடந்தது?

மே 29 அன்று வடக்கே நிலம் தெரிந்தது. கேப் டவுனுக்குத் தெற்கே உள்ள கேப் பாயின்ட் முனையே அது என்று கப்பலில் இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். உண்மையில் அவர்கள் இருந்தது கண்டத்தின் தென்கோடியான அகுல்யாஸ் முனையின் அருகில். இரு முனைகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரைப் பாகை தீர்க்கரேகை, அதாவது 140 கிலோமீட்டர் அளவு தூரம். கடிகாரக் கணக்கில் சொன்னால் ஆறே நிமிட வேறுபாடு. ஒழுங்காக ஓடும் ஒரு குரோனோமீட்டர் இந்த ஆறு நிமிடங்களை ஐயமின்றிக் காட்டியிருக்கும்.

மேலும் சிறிது தூரம் மேற்கே சென்றபின், நன்னம்பிக்கை முனையைக் கடந்துவிட்டோம் என்ற நம்பிக்கையில், மே 30 விடியற்காலையில் செயின்ட் ஹெலினாவை நோக்கிக் கப்பலை வடக்கே திருப்பினார்கள். எதிர்க்காற்று அவர்கள் எண்ணிய அளவுக்கு அவர்களை மேற்கே செல்ல விடவில்லை. வடக்கே திறந்த கடல் இருக்க வேண்டிய இடத்தில் நிலம் இருந்தது. வான்ஹுயிஸ்கிரான்ஸ் என்ற இடத்தருகே, காற்று கரையை நோக்கி வீசும் வளைகுடாவுக்குள் சிக்கியபின் வெளியேற வழியில்லை. மூன்று நங்கூரங்களை இறக்கினார்கள். இரண்டின் வடங்கள் அறுந்தன. எஞ்சிய வடத்தையும் வெட்டிவிட்டுக் கரையேற்றினால் சிலரையாவது காப்பாற்றலாம் என்று கப்பலில் இருந்த கடற்படை அதிகாரி லெப்டினன்ட் பிரைஸ் ஆலோசனை கூறினார். அவ்வாறே செய்தார்கள். ஆனால் கப்பல் கரைக்கு வெகு தொலைவிலேயே தரை தட்டி, அலைகளில் உடைந்தது.

பிழைத்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் என்ன ஆனார்கள்?

ஆறு பேர், அனைவரும் மாலுமிகள். படைவீரர்களில் ஒருவரோ, பெண்கள் குழந்தைகளில் ஒருவரோ தப்பவில்லை.

பிழைத்த மாலுமிகள் தாங்கள் கேப் பாயின்டுக்கு மேற்கே இருப்பதாகவே இன்னமும் நம்பினார்கள். ஆகவே கேப் டவுனைத் தேடிக் கிழக்கு நோக்கி நடந்தார்கள்; நகரமோ மேற்கே இருந்தது. கப்பலை அழித்த பிழை கரையிலும் அவர்களை வழிதவறச் செய்தது. பாறைகளில் கிடைத்த சிப்பிகளைத் தின்றபடி நாலரை நாள் நடந்தபின் ஐயம் எழுந்து திரும்பினார்கள். கப்பல் உடைந்த இடத்தில் கரை ஒதுங்கிய ஒரு பீப்பாய் ஓட்ஸ் மாவை வெயிலில் உலர்த்தி உண்டு உயிர் வாழ்ந்தார்கள். ஒதுங்கிக் கிடந்த படகைச் செப்பனிட முனைந்த வேளையில், ஜூன் 14 அன்று, வேட்டைக்கு வந்த ஒரு பண்ணைக்காரரின் மகன் அவர்களைக் கண்டு வீட்டுக்கு அழைத்துச் சென்றார். ஒரு வாரம் அங்கே தங்கி, ஜூன் 26 அன்று கேப் டவுனை அடைந்தார்கள். வாட்டர்லூ போர் முடிந்து அப்போது எட்டு நாட்களே ஆகியிருந்தன. ஆர்னிஸ்டன் சென்று சேர வேண்டியிருந்த செயின்ட் ஹெலினாவுக்கு, அதே ஆண்டு அக்டோபரில் நெப்போலியன் கைதியாக வந்து சேர்ந்தார்.

கேப்டன் சிம்ப்சனைக் குறைகூறலாமா?

குரோனோமீட்டர் வாங்க அவரிடம் பணமில்லை என்றும், உடைமையாளர்கள் வாங்கித் தர மறுத்ததோடு, அது இல்லாமல் போக விருப்பமில்லையென்றால் வேறு கேப்டனை அமர்த்துவோம் என்று மிரட்டினார்கள் என்றும் பேசில் ஹால் என்ற கடற்படை அதிகாரி பின்னாளில் எழுதினார். அது உண்மையென்றால் குற்றம் கப்பலின் தளத்தில் நிகழவில்லை, லண்டனில் கணக்குப் புத்தகத்தின் முன் நிகழ்ந்தது. மேகம் மூடிய புயலில், நாள்கணக்கில் எதிர்க்காற்றோடு போராடிய ஒருவர், தெரிந்த ஒரே நிலத்தைத் தவறாக அடையாளம் கண்டதைக் கவனக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நிலை உறுதியில்லாதபோது வடக்கே திரும்பாமல் இன்னும் ஒரு நாள் தெற்கிலும் மேற்கிலும் ஓடியிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானதே. கப்பலில் நோயாளிகளும் குழந்தைகளும் நிறைந்திருந்தது அவரை அவசரப்படுத்தியிருக்கக்கூடும்.

இன்று அங்கே என்ன எஞ்சியுள்ளது?

கப்பல் உடைந்த இடத்தருகே உள்ள மீனவ ஊருக்கு ஆர்னிஸ்டன் என்ற பெயரே வழங்குகிறது. வான்ஹுயிஸ்கிரான்ஸ் என்ற பழைய பெயரும் புழக்கத்தில் உள்ளது. கீல்ஸ் குடும்பத்தின் நான்கு சிறுவர்களுக்காகப் பெற்றோர் அனுப்பிய நினைவுக்கல்லின் நகல் ஒன்று கரையில் நிற்கிறது. அகுல்யாஸ் முனையில் கலங்கரை விளக்கம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இந்த அழிவும் வலு சேர்த்தது. அந்த விளக்கு 1849இல் ஏற்றப்பட்டது. 1982இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லியல் குழுவினர் கடலடியில் கப்பலின் எச்சங்களை ஆராய்ந்தார்கள். அக்கடற்கரையில் உடைந்த கப்பல்களின் வரலாற்றை அறிய விரும்புவோர், அருகிலுள்ள பிரெடாஸ்டார்ப் ஊரின் கப்பற்சேத அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம்.